குரவையில் கலந்த குரல்



உயர்தர வகுப்பில் ஒரு நாள் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழும்பினான். பாடத்தில் சந்தேகம் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"சேர், குறை நினைக்கக்கூடாது. நீங்கள் கோயிலுக்குப் போறேல்லை. கடவுளை நம்பிறேல்லை எண்டும் சொல்லுறியள். ஆனா காலமைப் பிரார்த்தனையில எங்கள் எல்லாரையும் விட உரத்துத் தேவாரம் பாடுறது நீங்கள்தானே. அது ஏன் சேர்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்துவிட்டபடியால் தப்பினேன். ஆனால் கேள்வி தப்பவிடவில்லை. இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் ஆசிரியனாக இருக்கும் ஒருவன், நம்பிக்கை இல்லாமலே பக்திப் பாடலைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிறான்; அதில் மகிழ்ச்சியும் அடைகிறான். இது போலித்தனமா, அல்லது இதற்கு ஏதேனும் வரலாற்று நியாயம் உண்டா? அந்த மாணவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பதிலை அன்று படித்த பாடத்திலிருந்தே தொடங்கலாம்.

சிலப்பதிகாரம் 30 காதைகளைக் கொண்டது. அவற்றுள் 12 ஆவது வேட்டுவ வரி. அங்கே எயினர் கொற்றவையைப் பாடுகின்றனர். 17 ஆவது ஆய்ச்சியர் குரவை. அங்கே ஆயர் மகளிர் திருமாலைப் பாடுகின்றனர். 24 ஆவது குன்றக் குரவை. அங்கே மலைவாழ் மக்கள் முருகனைப் பாடுகின்றனர். இந்த மூன்றையும் பாடி வைத்தவர் யார்? இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது அறிஞர் பெரும்பாலோர் கொண்ட வழக்கு. கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. எனினும் அந்த வழக்கை ஏற்றுக்கொண்டால் ஓர் உண்மை நம்முன் நிற்கிறது. தாம் வணங்காத தெய்வங்களுக்கு, அந்தந்தத் தெய்வத்தின் அடியார்களே நாணும்படி, உள்ளம் உருகும் பாடல்களை அவர் ஆக்கியிருக்கிறார். கவுந்தியடிகளின் வாய்மொழியாகத் தம் சமயக் கருத்துகளைச் சொல்லத் தெரிந்தவர் அவர். ஆயினும் ஆயர்சேரிக்கு வந்தவுடன் தம் சமயத்தை வாசலில் நிறுத்திவிட்டு, அவர்களது குரவைக் கூத்தில் ஒரு குரலாகக் கலந்துவிடுகிறார்.

குரவை என்பது தனியொருவர் பாட்டன்று. கைகோத்து வட்டமாக நின்று ஆடிப் பாடுவது. ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிர் நிற்கின்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் பெயர்களையே அவர்களுக்கு இடுகிறாள் மாதரி. ஒருத்தி ஒரு சுரம். ஏழு பேரும் சேர்ந்தால்தான் இசை. கூட்டாகப் பாடுதல் என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது ஐயமே.

அவர்கள் ஏன் பாடினார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பிரை ஊற்றிய பால் உறையவில்லை. எருதின் கண்ணில் நீர் வடிகிறது. உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக்குட்டிகள் துள்ளவில்லை. பசுக்களின் கழுத்து மணிகள் நிலத்தில் வீழ்கின்றன. ஏதோ கேடு வரப்போகிறது என்ற அச்சத்தில், அது வராதிருக்கவே குரவை ஆடுகிறார்கள். ஆனால் காப்பியத்தைத் தொடர்ந்து படித்து வருபவருக்கு ஒரு செய்தி முன்பே தெரியும். அதற்கு முந்திய கொலைக்களக் காதையிலேயே கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். அது அறியாமல் இவர்கள் பாடுகிறார்கள். பாட்டு முடிந்தபின், அடுத்த காதையில், செய்தி வந்து சேருகிறது.

ஆகவே அந்தப் பாட்டு கோவலனைக் காக்கவில்லை. கேட்ட வரத்தைத் தெய்வம் கொடுக்கவில்லை. இளங்கோவுக்கு இது தெரியும். அவரே கதையை அப்படி அமைத்தவர். அப்படியிருந்தும் அந்தப் பாட்டை அவர் கேலி செய்யவுமில்லை, சுருக்கவுமில்லை. காப்பியத்தின் மிக இனிய பகுதிகளில் ஒன்றாக அதனை வைத்தார். பலன் தராத பாட்டுக்கும் ஒரு பெறுமதி உண்டு என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அந்தப் பெறுமதி என்ன என்பதே நமது கேள்வி.

இனிச் சோழ நாட்டுக்கு வருவோம். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கென 48 பேரை நியமித்தான். அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக ஐம்பதின்மர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். இவை யாவும் அக்கோயிற் கல்வெட்டிலே பொறிக்கப்பட்டுள்ளன. 48 குரல்கள் ஒன்றாக எழும்பினால் அந்தக் கருங்கல் மண்டபம் எப்படி அதிர்ந்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. பாடுவோரில் ஒருவர் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ, அவரது உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து பாடச் செய்ய வேண்டும். உறவினரே இல்லையெனில் எஞ்சிய பாடகர்களே ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டும். இங்கே தகுதி எனப்படுவது முதன்மையாகப் பாடும் தகுதியே. அந்த 48 பேரும் தீக்கை பெற்ற சைவர்கள். அவர்களை நம்பிக்கை அற்றவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அரசன் கல்லில் பொறித்த கவலை, பாட்டு நின்றுபோகக்கூடாது என்பதே. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்க வேண்டும். ஆள் மாறலாம், பாட்டு அறாமல் இருக்க வேண்டும்.

நமது நாட்டில் இந்தக் கூட்டுப்பாட்டு வீடுதோறும் பரவியதற்குப் பள்ளிக்கூடங்கள் பெருங் காரணம். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவரே மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் கற்றவர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராகப் பாடசாலைகளை அமைத்தது. காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் எல்லோரும் ஒருமித்துத் தேவாரம் ஓதும் வழக்கம் ஊன்றிவிட்டது. 1960 களின் தொடக்கத்தில் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னரும் அது மாறவில்லை. வன்னியின் காட்டோரப் பாடசாலைகளில், ஓலைக் கொட்டிலிலும் மரநிழலிலும் படித்த எங்கள் தலைமுறைக்குச் சங்கீத வகுப்பு என்பது பெரும்பாலும் இதுதான். சுருதிப்பெட்டி இல்லை. முன்வரிசையில் நிற்கும் அக்கா ஒருவர் எடுக்கும் குரலே சுருதி.

மற்றைய பக்கத்திலும் இதே கதைதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகங்களில் ஆக்கிய கீர்த்தனைகளைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் கூடிப் பாடுகிறார்கள். இலங்கையில் பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் கத்தோலிக்கக் கிராமங்களில் இராகமிட்டு வாசிக்கப்படுகிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் என் கத்தோலிக்க நண்பன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பெரிய வெள்ளியன்று, வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "தமிழ் வாத்தியார்தானே, நீங்கள் வாசியுங்கோ" என்று நண்பனின் தகப்பனார் புத்தகத்தை என் கையில் தந்தார். மகனை இழந்த தாயின் புலம்பலை வாசிக்கையில் என் குரலும் தழுதழுத்தது. அது எந்த மதத்துத் தாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வற்றாப்பளையைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. நந்திக்கடல் ஓரத்தில் இடைச் சிறுவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவி வந்தாள், பசிக்கிறது என்றாள், சிறுவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்று என்றாள், விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்த சிறுவன் தலை முழுவதும் கண்களைக் கண்டான். அவளே கண்ணகி என்பது ஐதிகம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலிலிருந்து தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கேற்றுவது மரபு.

உப்புநீரில் விளக்கு எரியுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் ஆயர்கள். அவளுக்காகக் குரவை ஆடியவர்கள் ஆயர்கள். ஈழத்து வன்னியில் அவளுக்குச் சோறு கொடுத்தவர்களும் மாடு மேய்த்த பிள்ளைகளே. அவளைத் தெய்வமென்று முதலில் கண்டு பாடியவர்களோ குன்றக் குரவையில் வரும் மலைமக்கள். கயவாகு மன்னன் இவ்வழிபாட்டை இலங்கைக்குக் கொணர்ந்தான் என்ற மரபு சிலப்பதிகாரத்தை ஒட்டி எழுந்தது. சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வம் எனப் பாடுகின்றனர். அவர்களது 35 சடங்குப் பாடல்களைக் கொண்ட தொகுதியை ஆராய்ந்து கணநாத் ஒபேசேகர 1984 இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். சமணர் எழுதிய காப்பியத்தின் நாயகியை, சைவரும் பௌத்தரும் ஆளுக்கொரு மொழியில் பாடுகிறார்கள். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடும் இரவுகளில் பிற்பாட்டுக்காரர் வரிசையில் இருப்போரை யாரும் 'உனக்குப் பக்தி உண்டா' என்று விசாரிப்பதில்லை. தாளம் பிசகாமல் பாடுவாயா என்பதே கேள்வி.

நம்பாதவர்கள் இந்தப் பாடல்களை எப்படி அணுகினார்கள்? பேராசிரியர் க. கைலாசபதி மார்க்சியர். 1966 இல் வெளிவந்த அவரது 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலில் 'நாடும் நாயன்மாரும்' என்ற கட்டுரை உண்டு. பக்தி இயக்கத்தின் பின்னால் இயங்கிய சமூக, வர்க்க சக்திகள் எவை என்று அதில் ஆராய்கிறார். பல்கலைக்கழக நாள்களில் அதைப் படித்தபோது எனக்குக் கண் திறந்தது போலிருந்தது. ஆனால் ஒரு பாட்டு ஏன் தோன்றியது என்று அறிந்தபின் அதனைப் பாட முடியாமல் போய்விடும் என்று அப்போது நினைத்திருந்தேன். அது தவறு. மழை எப்படிப் பெய்கிறது என்று படித்தவனும் மழையில் நனையத்தான் செய்கிறான்.

மேல்நாட்டிலும் இதற்கு உதாரணங்கள் உள. இங்கிலாந்துத் திருச்சபையினர் பாடும் 'இங்கிலீஷ் ஹிம்னல்' என்ற பாமாலை நூல் 1906 இல் வெளிவந்தது. அதன் இசைப் பதிப்பாசிரியர் வோன் வில்லியம்ஸ் அக்காலத்தில் கடவுள் நம்பிக்கை அற்றவர். இத்தாலிய இசைமேதை வெர்டி 1874 இல் இறந்தோருக்கான பெரும் பாடற் பூசையொன்றை இயற்றினார்; அவரும் திடமான விசுவாசி அல்லர்.

அந்த வெர்டியின் பாடற் பூசைக்கு 70 ஆண்டுகளின் பின் நேர்ந்ததை நான் எப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கும். நாசிகள் செக் நாட்டில் அமைத்த தெரெசின் தடுப்பு முகாமில் ரஃபாயேல் ஷெஃக்டர் என்ற யூத இசைக்கலைஞர் அடைபட்டிருந்தார். கையில் இருந்த ஒரேயொரு இசைப்பிரதியை வைத்துக்கொண்டு, பசியோடு வேலைசெய்து களைத்து வரும் கைதிகளுக்கு இரவில் அந்தப் பாடல்களை மனனம் செய்வித்தார். கத்தோலிக்கப் பூசைப்பாட்டை யூதர்கள் பாடுவதா என்று முகாமிலிருந்த யூதப் பெரியவர்களே எதிர்த்தனர். ஷெஃக்டர் விடவில்லை. பாடகர்கள் கூட்டங் கூட்டமாக மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். வெற்றிடத்துக்குப் புதியவர்களைப் பழக்கினார். 16 தடவை பாடினார்கள். இறுதியாக 1944 ஜூனில், செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் முகாமைப் பார்வையிட வந்த நாளில், நாசி அதிகாரிகளின் முகத்துக்கு நேரே, இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய பாட்டைப் பாடினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் ஷெஃக்டரும் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்.

அவர்களுடைய மதம் அதுவல்ல. அந்த மொழியும் அவர்களுடையதல்ல. பாட்டு அவர்களைக் காக்கவுமில்லை. ஆயினும் பாடினார்கள்.

நேயர்களே, இப்போது என் கதைக்கு வருகிறேன். வற்றாப்பளை நிற்கும் அதே நந்திக்கடலின் மறுகரையில்தான் முள்ளிவாய்க்கால். 2009 இல் அங்கிருந்து வெளியே வந்த இலட்சக்கணக்கானோரில் நானும் ஒருவன். அதற்கு முன் எனக்கிருந்த சொற்ப நம்பிக்கையும் அந்த மணலிலேயே போய்விட்டது. பதுங்குகுழிக்குள் எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. இதற்குமேல் அதைப்பற்றி இங்கு விரிக்க விரும்பவில்லை.

பின்னர் செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் இருந்த ஒரு மாலை. அயற் கூடாரத்தில் ஒரு அம்மம்மாவும் நாலைந்து பெண்களும் சிவபுராணம் படிக்கத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் வீட்டில் ஒருவருக்கு முப்பத்தோராம் நாள். படமும் இல்லை, விளக்கும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் அம்மம்மாவுக்குக் குரல் உடைந்தது. மற்றவர்களும் தொடர முடியாமல் நிறுத்திவிட்டார்கள். அந்த மௌனம் தாங்க முடியாததாக இருந்தது. அடுத்த அடி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆயிரந்தடவை சொன்னது. என் வாய் தானாகவே அதை எடுத்தது. தறப்பாளுக்கு இந்தப் பக்கமிருந்து நான் பாட, அந்தப் பக்கமிருந்து அவர்கள் சேர்ந்துகொண்டார்கள். முடிவு வரை பாடினோம்.

முடிந்ததும் அம்மம்மா, "ஆர் மோனை அது?" என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். "நல்லாயிரு ராசா" என்றார். அவ்வளவுதான்.

அன்று எனக்குக் கடவுள் நம்பிக்கை திரும்பி வரவில்லை, இன்றுவரை வரவுமில்லை. ஆனால் பல மாதங்களின் பின் நெஞ்சு நிறைய மூச்சு விட்டது அன்றுதான். சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சேர்ந்து பாடுவோரின் மூச்சு ஒத்துப்போவதால் அவர்களது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். பின்னாளில் அதை வாசித்தபோது எனக்குப் புதினமாக இருக்கவில்லை.

இனி, என்மீது இரு பக்கத்தாரும் வைக்கும் குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம். நம்புகிறவர் சொல்வார்: பொருளை ஏற்காமல் பாடுவது பாட்டை அவமதிப்பதாகும் என்று. அவருக்கு என் பதில்: நான் பக்தன் என்று யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. மாணவனுக்கே தெரிந்த இரகசியம் அது. என் குரலை மட்டும் இரவல் கொடுக்கிறேன். உங்கள் பாட்டைப் பிழையில்லாமல், சந்தி பிரித்து, பண் கெடாமல் பாடுவதே நான் செய்யக்கூடிய மரியாதை.

பகுத்தறிவாளர் சொல்வார்: இந்தப் பாட்டைப் பாடி, அதன் பின்னாலுள்ள அநீதிக்கும் துணை போகிறாய் என்று. இது கனமான குற்றச்சாட்டு. இதே தேவாரத்தை மனனம் செய்திருந்த மக்கள் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதை வரலாறு மறக்காது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. பாட்டு எல்லோருக்கும் பொது, வாசல் சிலருக்கு மட்டும் என்ற நிலையை எந்தப் பண்ணாலும் இனிமையாக்க முடியாது. ஆனால் குற்றம் வாசலில்தான் இருந்தது. வாசலைத் திறப்பதற்குப் போராடுவோம். அதற்காகப் பாட்டை வாசற்காரரிடமே விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. ஏழு சுரத்தில் ஒன்றை வெளியே நிறுத்திவிட்டுக் குரவை ஆட முடியாது என்பதை மாதரி அறிந்திருந்தாள்.

அடுத்த நாள் அந்த மாணவன் என்னிடம் வந்து, "சேர், நேற்றுக் கேட்டது பிழையெண்டால் மன்னிக்கவேணும்" என்றான்.

"பிழை இல்லைத் தம்பி. நல்ல கேள்வி. கோவலன் செத்தது தெரியாமல் அந்தப் பெண்கள் ஏன் பாடினவை எண்டு யோசிச்சுப் பார். தெரிஞ்சிருந்தால் பாடியிருக்க மாட்டினமோ எண்டும் யோசி" என்றேன்.

சற்று யோசித்தவன், "தெரிஞ்சிருந்தாலும் பாடியிருப்பினம் சேர். வேற என்ன செய்யிறது?" என்றான்.

மறுநாட் காலை பிரார்த்தனையில் அவன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சுருதி கொஞ்சம் இறக்கம். திருத்தலாம்.

 வணக்கம்.